காற்றைப் பார்த்துக் கிளம்புங்கள்: சாம்பல்தீவிலிருந்து கூட்டாளிகளோடு சைக்கிளில்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி வீதியால் வடக்கே போகிறவர்கள் பெரும்பாலும் சாம்பல்தீவை வாகனத்தின் யன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். பாலம் வரும், இருபுறமும் களப்பு விரியும், இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலையோடு நிற்கும் ஒருவர் தெரிவார். அதற்குள் வாகனம் நிலாவெளியை எட்டிவிடும். விடுமுறைக்கு வரும் குடும்பமோ கூட்டாளிமாரோ இந்த ஊரில் தங்கி, நாலைந்து நாள் சைக்கிளில் சுற்றலாம். தெற்கே நகரமும் கோணேசர் மலையும், வடக்கே நிலாவெளியும் இறக்கக்கண்டியும், மேற்கே கன்னியாவின் குன்றுகளும் வெந்நீர் ஊற்றுகளும் இருக்கின்றன. ஆறுதலாக உழக்குகிறவர்களுக்கும் ஒரு காலைப்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய தூரங்கள்தான் எல்லாம்.

வழி கேட்கும்போது கிலோமீற்றரில் கேட்காதீர்கள். இந்த வீதியில் இடங்களுக்குப் பெயரே மைல் கட்டைதான்: மூன்றாம் கட்டை, ஆறாம் கட்டை, பத்தாம் கட்டை. "நிலாவெளிப் பத்தாம் கட்டை எவ்வளவு தூரம், அண்ணன்?" என்று கேட்டால் சரியான பதில் வரும். ஒரு கட்டைக்கு ஒன்றரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம் என்று கணக்கு வையுங்கள். கட்டை எண்ணுவது நகரத்திலிருந்து என்பதையும், உங்கள் தங்குமிடம் எத்தனையாம் கட்டையில் என்பதையும் நினைவில் வைத்தால், எந்த இடத்தில் நின்றாலும் தங்குமிடம் எவ்வளவு தூரம் என்று மனக்கணக்கில் சொல்லிவிடலாம்.

காற்று

மலைநாட்டில் சைக்கிள் ஓடியவர்கள் ஏற்றத்தை நினைத்துப் பயந்துகொண்டு வருவார்கள். நிலாவெளி வீதியில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, பாலங்களின் முதுகைத் தவிர. ஆளைக் களைக்கச் செய்வது காற்று. மலை ஏற்றமாவது உச்சியோடு முடியும், பிறகு இறக்கம் உண்டு. எதிர்க்காற்று வீடு வந்து சேரும்வரை விடாது. ஆகவே எங்கே போவது என்று முடிவெடுக்க முன்னர், காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று பாருங்கள். தென்னோலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாலே போதும்.

வைகாசி, ஆனி தொடங்கி ஆவணி வரை இங்கே கச்சான் காற்று. மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து, தரை வழியே, சூடாகவும் காய்ந்தும் வரும். கடல் அமைதியாக இருப்பதால் உல்லாசப் பயணிகள் கூடுவதும் இதே மாதங்களில்தான். இந்தக் காற்றில் வடக்கே நிலாவெளிக்குப் போவது சுகம். முதுகில் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். "இவ்வளவு சுலபமா?" என்று எல்லாரும் உற்சாகமாக இறக்கக்கண்டி வரை போய்விடுவார்கள். திரும்பும்போதுதான் தெரியும். பத்து மணி வெயில், முகத்தில் அடிக்கும் வெக்கை, அரை மணியில் போன தூரத்துக்கு ஒன்றேகால் மணி. கூட்டத்தில் பலம் குறைந்தவர் உடைந்துபோவது இந்தத் திரும்பும் வழியில்தான்.

இதற்கு ஒரே விதி: போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. கச்சான் மாதங்களில் தெற்கே நகரம் பக்கம் போய் வாருங்கள். மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும்போது வடக்கே போங்கள். கச்சானில் நிலாவெளிதான் போக வேண்டுமென்றால் விடிய ஐந்தேமுக்காலுக்குக் கிளம்பி, காற்று வலுக்க முன்னர், எட்டு எட்டரைக்குள் பாலத்துக்கு இப்பால் வந்துவிடுங்கள். பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் இரண்டு காற்றும் ஓய்ந்திருக்கும். புதிதாகச் சைக்கிள் ஏறுகிறவர்களை அழைத்துவர அதைவிட நல்ல காலம் இல்லை. பின்னேரத்தில் இடிமழை வரக்கூடும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழைக்காலம். மழை விட்ட காலைகளில் களப்பும் வயலும் அழகுதான், ஆனால் அப்போது ஒரு வாரம் முழுவதையும் சைக்கிளை நம்பித் திட்டமிட வேண்டாம்.

பாலத்தின்மேல் காற்று வேறு மாதிரி வேலை செய்யும். மரமும் மதிலும் இல்லாத வெளி. நாம் வீதியின் இடப்பக்கம் போகிறவர்கள். வடக்கே போகையில் மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் அது நம்மை நடு வீதிக்குத் தள்ளும். பின்னேரம் தெற்கே திரும்புகையில் கிழக்கிலிருந்து கடற்காற்று வந்தால் அதுவும் நடு வீதிக்கே தள்ளும். பின்னால் பஸ் வருகிற நேரத்தில் அரை அடி விலகினாலே ஆபத்து. பாலத்தில் ஏறும்போது இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்கட்டும், ஒருவர் பின் ஒருவராகப் போங்கள், பேச்சை நிறுத்துங்கள். களப்பைப் பார்க்க ஆசை என்றால் பாலத்தைக் கடந்து, வீதியை விட்டு இறங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஆறுதலாகப் பாருங்கள். கண்டல் மரங்களின் அடியில் கொக்கும் நாரையும் நிற்கும் நேரம் காலை ஏழு மணிக்கு முன்.

யாருடைய வேகம்?

கூட்டமாகப் போகும் சைக்கிள் பயணத்தைக் கெடுப்பது பஞ்சரோ மழையோ அல்ல, முன்னால் பறந்துபோகும் ஒருவர். அவர் அரைக் கட்டை தூரம் போய், ஒரு மர நிழலில் இளைப்பாறிக்கொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருப்பார். கடைசி ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தவுடன், "சரி, போவமா?" என்று எழும்பிவிடுவார். ஆறிய ஆள் மறுபடி முன்னால், ஆற வேண்டிய ஆளுக்கு ஆறுதலே இல்லை. இப்படி மூன்று தரம் நடந்தால் அந்த அக்காவோ சித்தப்பாவோ மறுநாள் தலையிடி என்று சொல்லி அறையிலேயே இருந்துவிடுவார். ஆகவே ஓய்வு நேரத்தைக் கடைசி ஆள் வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்து எண்ணுங்கள். புறப்படும் சொல்லும் அவர் வாயிலிருந்தே வரட்டும்.

வரிசைக்கும் ஒரு முறை உண்டு. காற்று இல்லாத காலையில் மெதுவாகப் போகிறவரை முன்னால் விடுங்கள், மற்றவர்கள் அவர் வேகத்துக்குத் தாமாக அடங்குவார்கள். எதிர்க்காற்றில் அப்படிச் செய்யக்கூடாது. பலமானவர் முன்னால் போய்க் காற்றை வாங்க, பலம் குறைந்தவர் அவருக்கு நேர் பின்னால் வரட்டும். நெருங்கி வரும்போது காற்றின் வலு குறைவது இரண்டாவது ஆளுக்கு உடனே தெரியும். பழக்கமில்லாதவர்கள் என்றால் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி வேண்டும், முன்னால் இருப்பவர் திடீரென்று பிறேக் பிடிக்கக்கூடாது. வரிசையின் வாலில் இன்னொரு தேர்ந்த ஆள். பம்பும் ஒட்டுச் சாமானும் அவரிடம்தான் இருக்க வேண்டும். முன்னால் போகிறவரிடம் இருந்தால், பின்னால் காற்றுப்போன சைக்கிளுக்கு அது உதவாது.

பேசிக்கொண்டு இரண்டு பேராகச் சேர்ந்து போவதில்தான் இந்தப் பயணத்தின் இன்பம் இருக்கிறது, அதை நான் மறுக்க மாட்டேன். ஊர் உள்வீதிகளில் அப்படியே போங்கள். நிலாவெளி வீதியில் பின் ஆள் "வாகனம்!" என்று குரல் கொடுத்தவுடன் வெளிப்பக்கம் இருப்பவர் பின்வாங்கி வரிசைக்குள் வந்துவிட வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் முன்னே பாய முயல்வதுதான் ஆபத்து. யார் பின்வாங்குவது என்று கிளம்பும்போதே பேசிவையுங்கள். மாடுகள் வீதியில் படுத்திருக்கும். மணி அடித்தால் எழும்பாது, எழும்பினாலும் எந்தப் பக்கம் நடக்கும் என்று சொல்ல முடியாது. அதன் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

பிள்ளைகளைக் கரியரில் ஏற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் குதிக்கால் பின் சில்லின் கம்பிக்குள் போய்விடுவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் காயம். நித்திரை தூங்கும் பிள்ளையின் கால் தானாகத் தளர்ந்து உள்ளே விழும். கால் வைக்கத் தட்டும், கம்பியை மூடும் வலையும் இல்லாத சைக்கிளில் பிள்ளையை ஏற்றவே வேண்டாம். பிள்ளைக்குச் செருப்புக்குப் பதில் சப்பாத்துப் போடுங்கள். பஞ்சாபிச் சால்வையும் சேலைத் தலைப்பும் அதே மாதிரி. இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

சைக்கிள்

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிக்காரர்கள் சைக்கிள் வாடகைக்குத் தருவார்கள். கியர் உள்ளது, இல்லாதது, பழைய பெரிய லுமாலா, எல்லாம் கலந்திருக்கும். சமநிலத்துக்குக் கியர் முக்கியமில்லை. பிறேக்கும் சீற்றின் உயரமும்தான் முக்கியம். சீற்றில் இருந்து, பெடலைக் கீழே விட்டு, குதிக்காலை அதில் வைத்தால் முழங்கால் நேராக வேண்டும். அதுதான் அளவு. பதிவான சீற்றில் உழக்கினால் முதல் நாளே முழங்கால் நோகும். முன் பிறேக்கை மட்டும் பிடித்துச் சைக்கிளை முன்னே தள்ளிப் பாருங்கள், பின் சில்லு மேலே எழும்ப வேண்டும். பிறகு பின் பிறேக்கைப் பிடித்துத் தள்ளுங்கள், பின் சில்லு உருளாமல் இழுபட வேண்டும். இரண்டில் ஒன்று பிசகினாலும் அந்தச் சைக்கிளை வாங்காதீர்கள்.

இந்தப் பக்கத்து எதிரி நெருஞ்சி முள்ளும் உடை முள்ளும். வீதியில் போகும்வரை பிரச்சினை இல்லை. கடற்கரைக்கு இறங்கும் மணல் ஒழுங்கைகளில்தான் முள் ஏறும். ரியூப் ஒட்டியவுடன் மறுபடி பூட்டிவிடுவது பெரும்பாலானோர் செய்யும் தவறு. முள்ளின் நுனி ரயருக்குள்ளேயே இருக்கும், பத்து நிமிடத்தில் அதே இடத்தில் மறுபடி குத்தும். ரயரின் உட்புறம் முழுவதும் விரலால் மெதுவாகத் தடவி, முள்ளைக் கண்டெடுத்த பிறகே ரியூப்பைப் போடுங்கள். காற்றை இறுக்க அடித்த சைக்கிளை நடு வெயிலில் நிறுத்தவும் வேண்டாம். பழைய ஒட்டுகள் சூட்டில் இளகிக் கழன்றுவிடும்.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். கடற்கரை மணல் அதில் ஒட்டி, செயினையும் பல்லையும் அரத்தால் அராவியதுபோல் தேய்த்துவிடும். தையல் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுவது போதும்.

2022இல் பெற்றோல் இல்லாமல் நாடு முழுவதும் வரிசையில் நின்ற மாதங்களில், வீட்டு மூலைகளில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தன. அப்படிப்பட்ட சைக்கிள்களை ஓட வைக்கும் திருத்துகிறவரை உங்கள் தங்குமிடத்துக்கு அருகில் முதல் நாளே தேடி அறிமுகமாகிக்கொள்ளுங்கள். ஊர்ச் செய்தியும் வழி நிலவரமும் அவரிடம்தான் கிடைக்கும்.

கன்னியாப் பயணம்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் இடம் என்றால் நான் கன்னியாவைத்தான் சொல்வேன். நகரத்துக்குப் போய் அநுராதபுரச் சந்தியிலிருந்து அநுராதபுரம் வீதியால் மேற்கே திரும்புவது நிச்சயமான வழி. பஸ்ஸும் லொறியும் ஓடும் பெரு வீதி என்பதால் இங்கே முழுவதும் ஒற்றை வரிசை. கன்னியாத் திருப்பத்தில் உள்ளே இறங்கியதும் சத்தம் அடங்கி, குன்றுகள் நெருங்கி வரும். ஏற்றங்கள் சிறியவை. கியர் இல்லாத சைக்கிளில் மூச்சு முட்டினால் இறங்கி உருட்டுங்கள். ஒருவர் இறங்கினால் எல்லாரும் இறங்கி நடப்பது என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் வெட்கம் இல்லை. நல்ல பேச்சும் அந்த நடையில்தான் வரும். இறக்கத்தில் இரண்டு பிறேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். வளைவில் மணல் சிதறிக் கிடக்கும் இடத்தில் பிறேக் பிடிக்கவே கூடாது, வளைவுக்கு முன்னரே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

கன்னியாவில் ஏழு ஊற்றுகள், சதுரமாகக் கட்டிய சிறு கிணறுகளாக. ஒவ்வொன்றிலும் சூடு வேறு வேறு. அதிக ஆழமில்லை. இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதுதான் முறை. இராவணன் தன் தாயின் இறுதிக்கிரியைக்காக இந்த ஊற்றுகளை உண்டாக்கினான் என்பது ஐதீகம். இன்றும் திருகோணமலைத் தமிழர்கள் இறந்தவர்களுக்கான கிரியைகளை இங்கே வந்து செய்கிறார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றும் பக்கத்துக் கிணற்றடியில் ஒரு குடும்பம் தகப்பனுக்குக் கடன் கழித்துக்கொண்டிருக்கலாம். குரலைத் தாழ்த்துங்கள், அவர்களைப் படம் எடுக்காதீர்கள், அவர்கள் முடிக்கும்வரை ஒதுங்கி நில்லுங்கள்.

உடல் நலத்துக்காக ஒரு சொல்: வெயிலில் உழக்கி வந்த கையோடு வெந்நீரை ஊற்றிக்கொண்டால் சிலருக்குத் தலை சுற்றும். முதலில் கால் மணி நிழலில் இருங்கள், தண்ணீர் குடியுங்கள், பிறகு காலிலிருந்து தொடங்கி மேலே ஊற்றுங்கள். ஒருவருக்கு மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். நன்றாக வியர்த்தவருக்கு மருந்துக்கடையில் விற்கும் ஜீவனியைக் கரைத்துக் கொடுங்கள். போயா நாளில் பெருங்கூட்டம் வரும், அன்று வேறு பக்கம் போங்கள்.

கன்னியாவுக்கு வடக்கே, பெரியகுளத்தை அண்டி, வெல்கம் விகாரை இருக்கிறது. தமிழில் நாதனார் கோயில் என்றும் சொல்வார்கள். சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்ற பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி இது. பதினோராம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இங்கே கிடைத்திருக்கின்றன. ஒரு பௌத்தப் பள்ளிக்குக் கொடை கொடுத்த செய்தியைத் தமிழில் கல்லில் பார்க்கக் கிடைப்பது அரிது. களைப்பில்லாத நாளில் போங்கள். மழைக்குப் பிறகு உள்வழிகள் சேறாகும், அன்று காலையே ஊரவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேற்கே போகும் எந்தப் பயணத்திலும் பின்னேரம் ஐந்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். காட்டோரங்களில் இருட்டோடு யானை இறங்கும்.

மற்ற வழிகள்

தெற்கே போகையில் உப்புவெளியில், வீதியோரம், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கின. அந்தப் போரில் தூர தேசங்களிலிருந்து வந்து இங்கே அடங்கிப்போன இளைஞர்களின் வயதை நடுகற்களில் வாசிக்கலாம். பிள்ளைகளோடு அரை மணி நிற்கத் தகுந்த இடம். நகரத்தில் பிரட்றிக் கோட்டை வாசலுக்குள் புகுந்தால் கோணேசர் கோயில் வரை ஏற்றம்தான். கோட்டைக்குள் புள்ளிமான்கள் திரியும். அவற்றுக்கு எதையும் கொடுக்காதீர்கள், உறைகளை அங்கே போடவே போடாதீர்கள், பிளாஸ்ரிக்கைத் தின்று சாகும் மான்கள் உண்டு. கோயில் நடை மதியத்தில் சாத்தப்படும் என்பதால் காலையிலேயே ஏறிவிடுங்கள்.

சல்லிக் கடற்கரைக் கிராமத்து முத்துமாரியம்மன் கோயில் சாம்பல்தீவிலிருந்து கிட்ட. முதல் நாள் பின்னேரம், கால் பழகுவதற்குப் போய்வர ஏற்றது. கரைவலை இழுக்கும் நேரம் என்றால் நின்று பாருங்கள், இழுக்கச் சொன்னால் கை கொடுங்கள். இந்தக் கரை முழுவதும் 2004 டிசெம்பர் 26இல் சுனாமிக் கடல் வந்து போன கரை. அந்த நாளைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவர்கள் சொன்னால் இருந்து கேளுங்கள்.

வடக்கே நிலாவெளி, கோபாலபுரம் பக்கத்து மணல் நிலத்தில் சின்ன வெங்காயத் தோட்டங்களைக் காணலாம். ஆனி, ஆடியில் வீதியோரம் பாலைப்பழம் வைத்திருந்தால் வாங்கிச் சாப்பிடுங்கள், பால் பிசுபிசுப்பைத் துடைக்க ஒரு துணி கையில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் முஸ்லிம் ஊர்களில் கடைகள் பூட்டியிருக்கும், அதற்கு முன்னரே தேத்தண்ணியை முடித்துக்கொள்ளுங்கள். புறாமலைக்குப் படகேறுகிறவர்கள் சைக்கிளைக் கடற்கரையில் விடாமல் கடையொன்றில் சொல்லி, நிழலில் விட்டுப் போங்கள். குச்சவெளி, புல்மோட்டை, அரிசிமலை எல்லாம் அழகுதான். ஆனால் ஆறுதலாகப் போகிற கூட்டத்துக்கு அவை பஸ்ஸில் போக வேண்டிய தூரம். கிண்ணியாவும் அப்படியே. முன்பு மிதவைப் பாதையில் ஏறிக் கடந்த அந்தத் துறையில் 2009இல் திறந்த 396 மீற்றர் பாலத்தைச் சைக்கிளில் கடக்க ஆசை என்றால், சைக்கிள்களைச் சிறு லொறியில் ஏற்றிப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் சைக்கிளைத் திருப்பிக் கொடுக்க முன்னர் நல்ல தண்ணீரால் கழுவி, செயினைத் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்று ஒரு வாரத்தில் இரும்பைத் தின்றுவிடும். ஓடும்போது கண்ட பழுது எதுவாக இருந்தாலும் வாடகைக்குத் தந்தவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள், குறிப்பாகப் பிறேக். நாளைக் காலை அதே சைக்கிளில் வேறொரு குடும்பத்துப் பிள்ளை ஏறும்.